எதிர்க்கரைப் புள்ளி

அண்ணி தன் அக்கா வீட்டுக்குப் போன பிறகு அண்ணன் ஓர் இடத்தில் உட்காரவில்லை. சாப்பிடும்போதுகூட தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தான். "உக்காந்து தின்னுடா, தின்னது காலுக்கா போகுது?" என்று அம்மா கத்துவாள். அவன் காதில் ஏறாது. விடிந்தும் விடியாமலும் கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏரிக்குப் போய்விடுவான்.

ஏரிக்கு இந்தக் கரையில் எங்கள் தெரு. அந்தக் கரையில் அண்ணியின் அக்கா வீடு. காலையில் சூரியன் அந்தக் கரைக்குப் பின்னாலிருந்துதான் எழும்பும். "அங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு" என்பான் அண்ணன். "ஆமாமா, வெளிச்சம் அந்தப் பக்கம் போனதாலதானே இந்த வீடு இருண்டு கெடக்கு" என்று அம்மா பாத்திரத்தை நங்கென்று வைப்பாள்.

பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. அண்ணி மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். ஒரு நாள் இடுப்புவரை இருந்த முடியைத் தோளோடு வெட்டிக்கொண்டு வந்தாள். அண்ணன் கவனிக்கவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க அவள் அவன் எதிரில் வேண்டுமென்றே நடந்தாள். காபி கொடுத்தாள், சட்டைப் பொத்தான் தைத்தாள். கடைசியில் வெடித்துவிட்டாள்.

"ஏரியில ஒரு கொக்கு இடம் மாறி நின்னா உங்களுக்குத் தெரியுது. பொண்டாட்டி தலையில பாதி முடியக் காணோம், அது தெரியல!"

அண்ணன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "நீ கொண்டை போட்டிருக்கேன்னு நெனச்சேன்" என்றான்.

அன்று மாலையே அண்ணி கிளம்பிவிட்டாள்.

மருந்துக் கடைக்காரருக்குத் தொலைவில் இன்னோர் ஊரிலும் கடை உண்டு. அங்கே போக ஆள் தேடிக்கொண்டிருந்தார். அண்ணி சம்மதித்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அவ்வளவு தூரம் போனவள் திரும்ப மாட்டாள் என்று அம்மா சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அதற்குள் அண்ணன் போய்க் கூப்பிட வேண்டும். அவனோ, "கூப்பிட்டா வருவாளா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே வீட்டைச் சுற்றினான். பேச்சு எனக்கு வராது. நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எங்கள் வீட்டு முன்அறைதான் ஸ்டூடியோ. அண்ணன் படம் எடுப்பான், தங்கை நான் திருத்துவேன். பகலெல்லாம் அடையாள அட்டைக்கான முகங்கள். அண்ணனின் உயிர் இருந்தது ஏரிப் படங்களில்.

எதிர்வெளிச்சத்தில் எடுத்த படம் கேமராவிலிருந்து வரும்போது அழகாக இருக்காது. துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை மாதிரி இருக்கும். அதை இருட்டாக்குவது என் வேலை. முதலில் மொத்த வெளிச்சத்தை இறக்குவேன். மரங்களை மையாகக் கறுப்பாக்குவேன். சூரியனைச் சுற்றி மட்டும் கொஞ்சம் மஞ்சளை விட்டுவிட்டு மற்றதை நீலத்தின் பக்கம் தள்ளுவேன். தண்ணீர்மேல் இருக்கும் பனியை இன்னும் கொஞ்சம் தடிமனாக்குவேன். பார்க்கிறவர்களுக்கு ஏதோ நடக்கப்போகிறது, அல்லது நடந்து முடிந்துவிட்டது என்று தோன்ற வேண்டும். அண்ணன் பின்னால் நின்று, "இன்னும் கொஞ்சம் சோகமாக்கு" என்பான். அண்ணி போன பிறகு அவன் கேட்ட சோகத்துக்குத் திரையில் இடம் போதவில்லை.

எதிர்வெளிச்சத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. எங்கள் கேமராவின் உள்ளே, படம் பதியும் சென்சாரின் மேல் தூசி உட்கார்ந்திருந்தது. முகங்களை எடுக்கும்போது தெரியாது. சூரியனைப் பார்த்து எடுத்தால் கரும்புள்ளியாக எட்டிப்பார்க்கும். ஒன்று வானத்தின் இடது மூலையில். ஒன்று மேகத்தில், சீரகம்போல வளைந்து. இன்னொன்று நடுவுக்குச் சற்று வலப்பக்கம், சரியாக எதிர்க்கரை விளிம்பில். தூசி இடம் மாறாது. எத்தனை படம் எடுத்தாலும் அதே மூலை, அதே விளிம்பு. அதனால் நான் முதல் படத்தில் மட்டும் புள்ளிகள்மேல் வட்டம் வைத்துத் துடைப்பேன். கம்ப்யூட்டர் பக்கத்து வானத்தையும் பக்கத்துக் கரையையும் எடுத்துப் பூசிவிடும். பிறகு அதே துடைப்பை அன்றைய படங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சொடுக்கில் ஒட்டிவிடுவேன். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை. யார்தான் தூசியைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள்?

அப்படித்தான் அந்தப் படமும் வந்தது. பனி வழக்கத்தைவிடத் தாழ்வாக, தண்ணீரை ஒட்டிப் படுத்திருந்தது. சூரியன் எதிர்க்கரையின் நடுவில், ஊதினால் அணையும் விளக்குபோல. கரை முழுக்க வெறுமை. அண்ணன் அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் நடக்காமல் நின்றான். 'யாருமில்லாத கரை' என்று தலைப்புக் கொடுத்து இணையத்தில் போட்டான். யார் யாரோ பாராட்டினார்கள். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் உள்ளே எட்டிப்பார்த்து, "தம்பி, இந்தப் படத்தைப் பாத்ததும் எனக்கே என் பொண்டாட்டி ஓடிப்போன மாதிரி ஆயிருச்சுப்பா. அவ உள்ள தூங்கிட்டிருக்கா!" என்றார். அண்ணன் சிரிக்கவில்லை. மறுபடி நடக்க ஆரம்பித்தான்.

அந்த வாரக் கடைசியில், வெயில் சாயும் நேரத்தில், அண்ணி வந்தாள். அண்ணன் ஒரு பள்ளிக்கூடத்தில் குழுப் படம் எடுக்கப் போயிருந்தான். அவன் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வந்தாள் என்று அவள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றதில் தெரிந்தது.

"மிச்சத் துணியை எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன் அத்தை. நாளைக்குக் காலையில வண்டி. அந்த ஊர்க் கடைக்குப் போறேன்."

அம்மா கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள். "ஏம்மா, ஒரு முடிக்காக ஒருத்தி ஊரை விட்டுப் போவாளா?"

"முடிக்காகப் போறேன்னு அவரு சொன்னாரா?"

"அவன் எங்க சொன்னான். அவன் வாயில கொழுக்கட்டை."

அண்ணி உள்ளே போய் அலமாரியைத் திறந்தாள். நான் பின்னாலேயே போய் நின்றேன். நான் சத்தமில்லாமல் நடப்பதால் அவள் என்னைப் 'பூனை' என்றுதான் கூப்பிடுவாள். திரும்பாமலே பேசினாள்.

"பூனை, உனக்கு மட்டும் சொல்றேன். இந்த வாரம் ஒரு நாள் காலையில மனசு கேக்கல. எங்கக்கா வீட்டுக்குப் பின்னாடி எறங்கி ஏரிக்கரைக்கு வந்தேன். இந்தப் பக்கம் உங்கண்ணன் நிக்கிறாரு. நல்லா தெரியுறாரு, சட்டைக் கட்டம்கூடத் தெரியுது. கையத் தூக்கி ஆட்டினேன். கேமராவ நேரா என் பக்கம் திருப்பினாரு. குனிஞ்சு எடுத்தாரு. அப்புறம் அந்தக் கேமரா முக்காலிய மடக்கித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு."

ஒரு புடவையை மடித்தாள். சரியாக வரவில்லை, உதறி மறுபடி மடித்தாள்.

"அதையாவது விடு. மரத்த எடுக்கிற மாதிரி என்னையும் எடுத்தாருன்னு வச்சுக்குவோம். அதே காலை, அதே பனி, படம் போட்டிருக்காரு. நான் நின்ன எடத்துல நான் இல்ல. சுத்தமாத் தொடச்சிட்டாரு. யாருமில்லாத கரையாம்! நேர்ல வந்து போடின்னு சொல்லியிருக்கலாம்."

முன்அறைக்கு ஓடினேன். கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ள எடுத்த நேரத்தில் நகத்தைக் கடித்து ரத்தம் வரவைத்துவிட்டேன். நான் செய்யும் திருத்தமெல்லாம் படத்தின் மேல் போர்த்திய போர்வைதான். அசல் அடியில் அப்படியே இருக்கும். போர்வையை உருவினேன். வெளுத்த படம் வந்தது. எதிர்க்கரை விளிம்பைப் பெரிதாக்கினேன். தூசி இருக்க வேண்டிய இடத்தில் தூசி இருந்தது. அதன் மேலேயே, அதைவிடச் சற்று உயரமாக, ஒரு கறுப்புக் கீற்று. அதற்கு ஒரு கை இருந்தது. கை மேலே தூக்கியிருந்தது.

"அண்ணி!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அன்னியமாகக் கேட்டது. அம்மாவும் ஓடிவந்தாள்.

"இத நான்தான் தொடச்சேன். தூசின்னு நெனச்சு. அண்ணனுக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

அண்ணி திரையைப் பார்த்தாள். முகத்தில் ஏதோ ஓடி நின்றது. பிறகு தலையை ஆட்டினாள்.

"அண்ணனுக்காகப் பொய் சொல்லாத பூனை."

"பொய்யில்ல. பாருங்க, நீங்கதான்."

"பாத்தேன். போன வருசம் ஒரு கல்யாண ஆல்பத்துல, வராத தாய்மாமனையே கோட்டு போட்டு நிக்க வச்சவ நீ. என்னை ஒரு குச்சி மாதிரி நிக்க வைக்கிறது உனக்குப் பெரிய வேலையா? அப்படியே நீதான் தொடச்சேன்னாலும், அவரு நேர்ல பாத்தாரில்ல? கண்ணுக்கு நேரா நின்னேனே!"

"அவனுக்குத் தெரிஞ்சிருக்காது. சூரியன்…"

"எனக்கு அவரு சட்டைக் கட்டம் தெரிஞ்சுது. அவருக்கு ஆளே தெரியலையா?"

அவள் சொன்னதும் நியாயம்தான். ஏரி எல்லோருக்கும் ஒரே அகலம்தானே. என்னிடம் இருந்தது ஒரே ஒரு சாட்சி, அந்தப் படம். அதை நானே பொய்க்குப் பழக்கிவைத்திருந்தேன். அண்ணி இரண்டு பைகளையும் எடுத்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். வெயில் எங்கள் தெருப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு பைய நான் தூக்கிட்டு வரேன்" என்றேன்.

கரைமேல் நடந்தோம். அண்ணி வேகமாக முன்னால் போனாள். நான் பின்தங்கி, கைப்பேசியில் அண்ணனைக் கூப்பிட்டேன். நான் யாரையும் கூப்பிட்டுப் பேசுவதில்லை, அவன் பதறிவிட்டான்.

"என்னடி, அம்மாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நீ காலையில நிக்கிற எடத்துக்குப் போ. இப்பவே. அங்க நின்னு கைய ஆட்டு."

"யாருக்கு? எதுக்கு? பிள்ளைங்கள இப்பத்தான் வரிசையா நிக்க வச்சேன்…"

"கேமராவ அங்கேயே போட்டுட்டுப் போ அண்ணா. கேள்வி கேக்காத. அண்ணி நாளைக்கு ஊருக்குப் போறாங்க."

மறுமுனையில் ஒரு நாற்காலி விழும் சத்தம் கேட்டது.

நாங்கள் ஏரியைச் சுற்றி எதிர்க்கரைக்கு வந்தபோது சூரியன் எங்கள் தெருவுக்குமேல் நேராக நின்றது. தண்ணீர் முழுக்க உருக்கிய தகரம். கைப்பேசி அடித்தது. எடுத்துக் காதில் வைக்காமல், அவன் குரல் வெளியே கேட்கும்படி செய்து பிடித்துக்கொண்டேன்.

"வந்துட்டேன்" என்று மூச்சிரைத்தான் அண்ணன். "ஆட்டிட்டிருக்கேன். பைத்தியக்காரன்னு நெனச்சு நாய் கொரைக்குது."

"அண்ணி, இங்க நின்னு பாருங்க. அண்ணன் தெரியுதா?"

அண்ணி கையை நெற்றியில் வைத்தாள். கண்ணைச் சுருக்கினாள். இடது பக்கம், வலது பக்கம் நகர்ந்து பார்த்தாள். கண்ணில் நீர் வந்ததும் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"எங்க? கண்ணு ஒரேயடியாக் கூசுது. கரையே தெரியல."

"கைய ஆட்டிட்டு நிக்கிறான்."

"சும்மா சொல்லாத. அங்க யாரும் இல்ல." சொல்லிவிட்டு அவளே நின்றுவிட்டாள். கை நெற்றியிலிருந்து மெல்ல இறங்கியது. நாய் குரைப்பது மட்டும் கைப்பேசி வழியாகவும் தண்ணீர் வழியாகவும் முன்பின்னாக வந்துகொண்டிருந்தது.

"அங்க யாரு, அவளா?" என்றான் அண்ணன். "எனக்கு நல்லா தெரியுது. நீ பின்னாடி நிக்கிற. அவ முன்னாடி." கொஞ்சம் நிறுத்தினான். "ஏன் ஒரு கால ஊனாம நிக்கிறா? முள்ளு ஏதாவது குத்திடுச்சா?"

நான் குனிந்து பார்த்தேன். அண்ணி இடது குதிகாலைத் தூக்கி, விரல்களில் மட்டும் நின்றிருந்தாள். கூடவே நடந்துவந்த எனக்கு அது தெரியவில்லை.

அண்ணி சட்டென்று காலைக் கீழே வைத்தாள். வலித்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்தாள்.

"அவரு அன்னைக்கு இதே மாதிரிதான் நின்னாரா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "இப்படி, ஒண்ணும் தெரியாமயா?"

"ஆமா."

"தெனமும் இங்கயேவா பாத்துக்கிட்டு?"

"தெனமும்."

"வரட்டுமா?" என்றது கைப்பேசி. "சுத்தி வரணும். ஓடி வந்தா சீக்கிரம் வந்துடுவேன். அவ அதுக்குள்ள போயிடுவாளா? கேட்டுச் சொல்லு. வேணாம், கேக்காத. நான் வரேன். வரட்டுமா?"

அண்ணி பையைக் கீழே வைக்கவில்லை. ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள், பிறகு மறுபடி மாற்றினாள். காலைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். கடைசியில் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கைப்பேசியை உள்ளங்கையால் மூடினாள்.

"வரச் சொல்லு" என்றாள். "ஆனா நான் நிக்கிறேன்னு சொல்லாத."