மூன்றாவதாக விசாரிக்க வந்தவர்கள்

காலை ஏழு மணிக்கு ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடையில் பேப்பரை விரித்தால், ஒன்பதுக்குள் ஆவுடையப்பன் நாலைந்து பேருக்குத் தீர்ப்புச் சொல்லி முடித்துவிடுவார். மில்லில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அவர் பேச்சு எடுபடாததால், நாட்டைத் திருத்தும் பொறுப்பை வெளியே வைத்துக்கொண்டிருந்தார்.

கொலை, கொள்ளை என்று மாட்டிய பையன்களைச் சிறுவர் இல்லத்தில் வைப்பது மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது.

"பதினேழு வயசுல அருவா தூக்கத் தெரியுதுல்லா? அப்போ பெரியாளுக்கு உள்ள தண்டனையத்தான் கொடுக்கணும். சின்னப்புள்ளையாம், சின்னப்புள்ள."

எதிரே சேக் முகைதீன் சிரித்தார். ஹார்டுவேர் கடைக்காரர், நாற்பது வருட நண்பர். "சோழபுரத்துத் தோப்புல தேங்காய் களவாங்கும்போது உங்களுக்கு என்ன வயசு அண்ணாச்சி?"

"அது தேங்காய் பாய். தலையில்ல."

அன்றைக்குத் தீர்ப்புகள் சீக்கிரம் முடிந்தன. மகள் சத்யப்பிரியாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் விஜயபாண்டி. எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை சொந்தமாக வைத்திருந்தான். நாலு போட்டோவைத் திரும்பிப் பார்க்காமல் தள்ளிவிட்ட மகள், இந்தப் போட்டோவை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தாள். இது அமைந்துவிட வேண்டும் என்று ஆவுடையப்பனுக்கு உள்ளுக்குள் ஒரே தவிப்பு.

பெண்ணைக் கொடுக்கும் முன், யாரென்று காட்டிக்கொள்ளாமல் பையனின் தெருவுக்குப் போய் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். டீக்கடையில் கேட்டால் குலம் கோத்திரம் வரை வந்துவிடும். இருவரும் சேக் முகைதீனின் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள்.

ரத வீதிக்குப் பின்னால் ஒரு தெரு. எதிர்ச்சாரியில் காயில் கடை. உள்ளே பையன் குனிந்து வேலையாக இருந்தான். இந்தப் பக்கம் டீக்கடை. கடைக்காரர் தவசிமுத்துவுக்கு ஐம்பது வயது இருக்கும். வலது கை விரல்கள் மடங்கவில்லை. டீயை இடது கையால்தான் ஆற்றினார்.

"வாடகைக்கு வீடு பாக்கோம்," என்று ஆரம்பித்தார் ஆவுடையப்பன். "தெரு எப்படி? எதிர்த்த கடைப் பையன் எப்படி? குடி கிடி உண்டா?"

"வீடு பாக்க வந்தவிய வீட்டப் பத்தி ஒத்த வார்த்தை கேக்கலையே," என்றார் தவசிமுத்து. "பொண்ணு வீடா?"

சேக் முகைதீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆவுடையப்பன் வழிந்தார்.

"தங்கமான பையன். குடி கிடையாது. ராத்திரி கூப்பிட்டாலும் தோட்டத்துக்கு வந்து மோட்டாரை ஓட வச்சுட்டுத்தான் போவான்." தவசிமுத்து வலது கையைத் தூக்கிக் காட்டினார். "இந்தக் கைய வெட்டுனதும் அவன்தான்."

டீ கிளாஸ் ஆவுடையப்பன் கையில் அப்படியே நின்றது.

"ஒன்பது வருசம் ஆச்சு. வத்திராயிருப்பு ரோட்டுல நாலு பேரு மறிச்சு என் பணப் பையப் புடுங்குனானுவ. மூணு பேரு பெரியவனுவ. அருவாள வீசுனது இவன். பதினாறு வயசு. பெரியாளு கேஸா நடத்தணும்னு நானும் ஒத்தக்கால்ல நின்னேன். கேக்கல. மூணு வருசம் இல்லத்துல வச்சு, தொழில் சொல்லிக் கொடுத்து விட்டுட்டாவ. மண்ணை வாரித் தூத்துனேன்."

"பொறவு?" என்றார் சேக் முகைதீன்.

"வெளிய வந்த மறுநாளே கடை முன்னால வந்து நின்னான். கரண்டிய விட்டு எறிஞ்சேன். எடுத்துக் கழுவி வச்சுட்டுப் போயிட்டான். அடுத்த நாளும் வந்தான், எறிஞ்சேன். எம்புட்டு நாளைக்குத்தான் எறிய? ஆறு வருசமா விடியக்காலம் பால் கேனத் தூக்கி வைக்கது அவன்தான்."

"அப்ப கோவம் போயிருச்சு?" என்று கேட்டார் சேக் முகைதீன்.

"எங்க போச்சு? மழை பெஞ்சா கை வலிக்கும். அவன நேர்லயே கூப்பிட்டுத் திட்டுவேன், கேட்டுக்கிடுவான். ஆனா நான் கேட்டபடி நடந்திருந்தா இன்னும் உள்ளதான் கெடப்பான். எனக்குக் கை வந்திருக்காது." தவசிமுத்து கல்லாப்பலகையைத் துடைத்தார். "பொண்ணு வீட்டுல இருந்து யாரு வந்தாலும் மறைக்காமச் சொல்லிருங்கன்னு அவன்தான் சொல்லி வச்சிருக்கான். நீங்க மூணாவது. முந்தி வந்த ரெண்டு கூட்டமும் டீயக்கூடக் குடிக்காமப் போயிட்டாவ."

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அது வெகுநேரம் நிற்கவில்லை. இப்படி மூன்று வருடத்தில் விட்டுவிடுகிறார்களே என்று இந்த ஒரு மாதத்தில் மட்டும் எத்தனை தடவை மேசையைத் தட்டியிருப்பார். மகள் போட்டோவை இரண்டாவது தடவை எடுத்துப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. பயமாகத்தான் இருந்தது. எழுந்து தெருவைக் கடந்தார். இந்த மனிதர் என்ன செய்யப் போகிறாரோ என்று சேக் முகைதீன் பின்னாலேயே ஓடினார்.

விஜயபாண்டி நிமிர்ந்து பார்த்தான். வெள்ளை வேட்டி, முகத்தில் அந்தக் கலக்கம், அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"தவசி மாமா சொல்லிட்டாராய்யா?"

"சொல்லிட்டாரு."

"சரிங்கய்யா. பாத்துப் போயிட்டு வாங்க."

குரலில் கோபமோ கெஞ்சலோ இல்லை. வந்தவர்களை வழியனுப்பி இவனுக்குப் பழகிப்போய்விட்டது என்று ஆவுடையப்பனுக்குப் புரிந்தது.

"ஏலே, நான் போறேன்னு எப்பச் சொன்னேன்? உன்ன மாதிரிப் பயலுவளத் தூக்குல போடணும்னு தெனம் பேசுதவன் நான். இன்னிக்குக் காலையிலகூடப் பேசுனேன். பாய்தான் சாட்சி."

"நாட்டுக்கே தெரியும்," என்றார் சேக் முகைதீன்.

"ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா. நடந்தத எம் மககிட்ட உன் வாயால சொல்லு. ஒண்ணையும் கொறைக்காத. அவ என்ன சொல்லுதாளோ அதுதான். நான் குறுக்க வர மாட்டேன்."

 பையன் கண்ணைத் துடைத்ததில் கன்னத்தில் கிரீஸ் பூசிக்கொண்டது.

"அப்பா இல்லைங்கய்யா. அம்மா மட்டும்தான். எங்க பக்கம் பெரியாளுன்னு தவசி மாமாவக் கூட்டிட்டு வரலாமா?"

ஆவுடையப்பன் திரும்பி எதிர்க்கடையைப் பார்த்தார். தவசிமுத்து டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு வரலேன்னா நீயும் வராத," என்றார் ஆவுடையப்பன்.