ஏற்றத்தில் படுத்த லோகோ

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று என் மனைவி ரூபீனா சொல்வாள். பொய் இல்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை ராகேஷ் சார் என் கேட் பாஸை வாங்கி மேஜை டிராயருக்குள் போட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

என் பெயர் அஃப்தாப். மயிலாப்பூருக்கு அடியில் மெட்ரோவுக்காகச் சுரங்கம் தோண்டுகிறார்களே, அதற்குள் லோகோ ஓட்டுகிறேன். லோகோ என்றதும் சென்ட்ரலில் நிற்கும் பெரிய இன்ஜினை நினைக்க வேண்டாம். இது குட்டையான மஞ்சள் வண்டி, டீசலில் ஓடுவது. சுரங்கத்துச் சுவருக்கான கான்கிரீட் துண்டுகளை ஏற்றிய வண்டிகளை முன்னால் தள்ளிக்கொண்டு, தோண்டுகிற மெஷின் வரைக்கும் போக வேண்டும். மேலே லஸ் முனையில் ஜனங்கள் காபி குடித்துக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் காலுக்கு அடியில் நான் ஹார்ன் அடித்துக்கொண்டு போவேன். அந்த நினைப்பில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு.

அந்த மிதப்புக்குத்தான் வந்தது வேட்டு. ஆயுத பூஜை கழிந்ததும் லோகோ என்னிடம் வம்பு பண்ண ஆரம்பித்தது. பாதி வழியில் ஓர் ஏற்றம் இருக்கிறது. அங்கே முழு பாரத்தோடு ஏறும்போது, லீவரை மேலே வைத்தபடியே இருந்தாலும் இன்ஜின் திடீரென்று சத்தம் குறைந்து படுத்துவிடும். பிரேக் போட்டு நிறுத்தி, லைட்டை எல்லாம் அணைத்து, கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் ஒழுங்காக ஏறும். அந்த வாரம் ஒரு தடவை படுத்தபோது பிரேக் பிடிப்பதற்குள் வண்டி பின்னால் உருண்டது. பின்னால் தண்டவாளத்தில் ஷிப்டு மாற்ற நடந்து வந்துகொண்டிருந்தவர் சுயம்புலிங்கம் அண்ணாச்சி. ஓரத்து நடைமேடையில் தாவி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். நான் பிரேக்கை மிதித்த மிதியில் வண்டி அவர் நின்ற இடத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அல்லாவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அண்ணாச்சி எனக்கு எதிர் ஷிப்டு டிரைவர். சாத்தான்குளம் பக்கத்துக்காரர். அவருடைய அண்ணன் தி.நகரில் பாத்திரக்கடை போட்டிருக்கிறார். கடையில் உட்காரப் பொறுமை இல்லாமல் இவர் மட்டும் இன்ஜின் பக்கம் வந்துவிட்டார். இருவரும் ஓட்டுவது அதே லோகோதான். ஷிப்டு மாறும்போது கேலி பண்ணி ஒருவரை ஒருவர் வாராமல் எங்களுக்குப் பொழுது விடியாது. அன்றைக்கு அவர் வாரவில்லை. நேராக ராகேஷ் சாரிடம் போய்ப் புகார் கொடுத்துவிட்டார்.

"எங்கிட்ட அந்த லோகோ பச்சப்புள்ள மாதிரி ஓடுது சார். ஒரு நாளு கூட ஏத்தத்துல படுக்கல. பாய்தான் லீவர விட்டுருக்காரு. தூங்கிட்டாரோ என்னமோ."

அவர் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. அவர் கையில் அது ஒரு தடவைகூடப் படுக்கவில்லை என்பது உண்மை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

"நான் தூங்கல சார்," என்றேன். "கை லீவர் மேலதான் கீது. இன்ஜின்தான் தானா எறங்கிக்கினு போவுது."

ராகேஷ் சார் இங்கே மெஷின்களுக்கெல்லாம் பொறுப்பாளர். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். "இன்ஜின் மெமரியில ஒரு கோளாறும் பதிவாகலையே அஃப்தாப். ஆளை நசுக்கியிருந்தா யார் பதில் சொல்றது?" என்றார். சனிக்கிழமை லோகோ கம்பெனியிலிருந்து ஆள் வருவார்கள், கோளாறு எதுவும் இல்லை என்றால் பாஸ் ரத்து என்றும் சொல்லிவிட்டார். பாதுகாப்புக் காரணத்துக்காகப் பாஸ் போன டிரைவரை இந்த ஊரில் எந்தச் சுரங்கத்திலும் ஏற்ற மாட்டார்கள். எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

வீட்டில் சொன்னேன். "நீங்க அப்டி பண்றவரு இல்லைங்க, எனக்குத் தெரியாதா?" என்று ரூபீனா டீ போட்டுக் கொடுத்தாள். அவள் அண்ணன் அன்வர் பாஷா ராயப்பேட்டையிலிருந்து வந்து, "மாப்ள, உன்ன நான் நம்புறேன்," என்று முதுகில் தட்டினான். டீ நன்றாக இருந்தது. தட்டியதும் இதமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலையில் கிரேன் வைத்து லோகோவை மேலே தூக்கி, யார்டில் இருக்கும் சின்னத் தண்டவாளத்தில் இறக்கினார்கள். கம்பெனியின் தரமணி ஆபீசிலிருந்து வந்தவர் ஒரு பெண். ஜெயபாரதி என்று பெயர் சொன்னார். ஹெல்மெட்டுக்குள் பின்னலைத் திணித்துக்கொண்டு கேபினில் என் பக்கத்து இடுக்கில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை விரித்தார். அண்ணாச்சி கட்டுப் போட்ட முட்டியோடு வேலி ஓரமாக நின்றார். நான் மாட்டுவதைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து முறைத்தேன். அவரும் முறைத்தார்.

ஜெயபாரதி மேடம் எனக்கு விளக்கினார். பழைய வண்டியில் லீவர் கம்பியை இழுக்கும், கம்பி டீசலைத் திறக்கும். இதில் அப்படி இல்லை. லீவர் ஒரு வோல்ட்டேஜை மட்டும் அனுப்பும். கட்டுப்பாட்டுப் பெட்டி அதைப் படித்துப் பார்த்து, எவ்வளவு டீசல் விடலாம் என்று தீர்மானிக்கும். லீவர் எங்கே இருப்பதாகப் பெட்டி நினைக்கிறது என்பது லேப்டாப்பில் ஓடும்.

ஓட்டினேன். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தேன். லீவரை மேலே தள்ளினால் எண் ஏறியது, இறக்கினால் இறங்கியது. இன்ஜின் தங்கம் மாதிரி ஓடியது. நாசமாய்ப் போன இன்ஜின், என்னைக் காட்டிக் கொடுப்பதற்கென்றே அவ்வளவு ஒழுங்காக ஓடியது. எனக்கு வியர்த்துக் கொட்டியது.

ராகேஷ் சார் கீழேயிருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "போதும் மேடம். பிரச்சனை வண்டியில இல்ல."

மேடம் லேப்டாப்பை மூடப் போனார். மூடாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணா, உள்ள இப்படித்தான் ஓட்டுவீங்களா?"

"இதே மாதிரிதான் மேடம்."

"எனக்காக அழகா ஓட்டிக் காட்ட வேணாம். இது வெயில், இது யார்டுன்னு பாக்காதீங்க. உள்ள ஏத்தம் வந்துடுச்சுன்னு வச்சிக்குங்க. அங்க என்னென்ன செய்வீங்களோ, ஒண்ணு விடாம அப்படியே செய்யுங்க."

ராகேஷ் சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேடம் ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். சார் வாயை மூடிக்கொண்டார்.

நான் கண்ணை மூடி யோசித்தேன். ஏற்றம் தொடங்கும் இடம். பிஸ்மில்லா சொல்வேன். சொன்னேன். ஹார்ன் இரண்டு தடவை. அடித்தேன். லீவரை மேலே தள்ளினேன். அப்புறம் இடது கை தானாகப் போய்ப் பின்னால் இருக்கும் பெரிய விளக்கின் சுவிட்சைப் போட்டது. ஏற்றத்தில் வண்டி உருண்டால் பின்னால் எவன் வருகிறான் என்று தெரிய வேண்டாமா? அதற்காக எப்போதும் போடுவேன். பட்டப்பகலில் யார்டில் அதை ஏன் போடப் போகிறேன்?

இன்ஜின் படுத்தது.

"கைய எடுக்காதீங்க!" என்று மேடம் கத்தினார். என் கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடியும் என் கையைப் பார்த்தார். என் கை லீவரை உச்சியில் பிடித்திருந்தது. திரையில் லீவர் அடிமட்டத்தில் இருந்தது. "இப்ப லைட்ட அணைங்க." அணைத்தேன். இன்ஜின் எழுந்தது. "போடுங்க." படுத்தது. திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார். நானும் சின்னப் பிள்ளை மாதிரி போட்டுப் போட்டு அணைத்தேன். வேலியோரம் நின்ற அண்ணாச்சி வாயைப் பிளந்துகொண்டு கிட்டே வந்தார். அவர் அந்த விளக்கைத் தொட்டதே கிடையாது. பேட்டரி இறங்கிவிடும் என்று அவருக்குப் பயம்.

மேடம் இறங்கி, பேட்டரியின் மைனஸில் ஒரு முனையும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் எர்த் போல்ட்டில் ஒரு முனையுமாக மீட்டரை வைத்தார். விளக்கைப் போட்டதும் மீட்டரில் எண் தாவியது. அங்கே எதுவுமே காட்டக் கூடாதாம். பெட்டியின் எர்த்தும் பின்விளக்கின் எர்த்தும் ஒரே பட்டையில் சேர்ந்து வண்டியின் உடம்பில் முடுக்கியிருந்தன. அந்த இடம் சரியாகப் பிடிக்கவில்லை. விளக்கு கரண்டை இழுக்கும்போது பெட்டியின் அளவுகோலில் பூஜ்யமே மேலே ஏறிவிடுகிறது. அதனால் லீவர் உச்சியில் இருந்தாலும், யாரோ கீழே இறக்கிவிட்டார்கள் என்று பெட்டி எடுத்துக்கொள்கிறது. டிரைவர் இறக்கினார், நான் டீசலைக் குறைத்தேன் என்று அதற்கு நிம்மதி. கோளாறு என்றே அதற்குத் தோன்றாதபோது எதைப் பதிவு செய்யும்?

போல்ட்டைக் கழற்றினார்கள். பட்டைக்கு அடியில் பளபளவென்று மஞ்சள் பெயிண்ட், தோசைக்கு மாவு ஊற்றியது போல் கனமாக.

"இது யார் அடிச்சது?" என்றார் ராகேஷ் சார்.

எனக்குத் தெரியும். ஆயுத பூஜைக்காக லோகோவுக்குப் பெயிண்ட் அடித்தது யார் என்று எனக்கு நன்றாகவே தெரியும். மற்றவர்கள் போல்ட்டைச் சுற்றித் தூரிகையால் தடவிவிட்டுப் போவார்கள். ஒரு மனிதர் மட்டும் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துரு தேய்த்து, அடியிலும் இரண்டு கோட்டு அடித்து, திரும்ப முடுக்கினார். அன்றைக்கு நான்தான் பூமாலை வாங்கி வந்தேன். "சோக்கா கீது அண்ணாச்சி, புது வண்டி மாதிரி கீது," என்று மெச்சினவனும் நான்தான். இப்போது பெயரைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு துடித்தது. என் சோற்றில் மண் போடப் பார்த்த மனிதர் அல்லவா? ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்தது. என் வாய் எழவில்லை.

"நாந்தான் சார்," என்றார் அண்ணாச்சி.



"சாமி கும்பிடுத நேரத்துல துரு இருக்கக் கூடாதுன்னு கழத்தி அடிச்சேன். பெயிண்டு கரண்ட மறிக்கும்னு தோணவே இல்ல. பாய் மேல தப்பே இல்ல சார். அந்த வெளக்குப் போட்டதால இன்ஜின் படுத்துச்சு, சரி. ஆனா அந்த வெளக்குல என்னயப் பாத்துத்தானே பிரேக்க மிதிச்சாரு. என் புகார நான் திரும்ப வாங்கிக்கிடுதேன். எம் பாஸ வேணா எடுத்துக்கிடுங்க."

சொல்லிக்கொண்டே கழுத்தில் தொங்கிய பாஸைக் கழற்றினார். இவருக்கு என்ன கேடு? யாரும் நிரூபிக்கப் போவதில்லை, நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

ராகேஷ் சார் பாஸுக்குக் கையை நீட்டிவிட்டார். "சார்," என்று நான் குறுக்கே போனேன். "அத எடுத்தீங்கன்னா என்னுதையும் டிராயர்லயே வச்சிக்குங்க. ரெண்டு பேருமே வூட்டுக்குப் போறோம். வண்டிய நீங்களே ஓட்டிக்குங்க." கோபம் அப்போதுதான் வந்தது, நல்ல நேரத்தில் வந்தது.

மேடம்தான் நடுவில் புகுந்தார். "எர்த் போல்ட்டுக்கு அடியில பெயிண்ட் அடிக்கக் கூடாதுன்னு இவங்களுக்கு யாரும் சொல்லலையே சார். வண்டியைக் கொடுத்த நாங்களும் சொல்லல. என் ரிப்போர்ட்ல அப்படித்தான் எழுதுவேன். சுரண்டி எடுத்துட்டா வேலை முடிஞ்சுது."

ராகேஷ் சார் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் என் பாஸை எடுத்து வந்து கையில் கொடுத்தார். அண்ணாச்சியின் பாஸை வாங்காமல், "முதல்ல அதை மாட்டுங்க," என்று எரிந்து விழுந்தார். அண்ணாச்சி உப்புத்தாள் வாங்கிக்கொண்டு வலிக்கிற முட்டியை மடக்கி உட்கார்ந்தார். இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை தேய்த்தார், யாரையும் கிட்டே சேர்க்கவில்லை. பட்டையை முடுக்கிய பிறகு நானே விளக்கைப் போட்டேன். இன்ஜின் படுக்கவில்லை.

மேடம் கிளம்பும்போது கேட் வரைக்கும் கூடவே போனேன். என் வாழ்க்கையில் யாரிடமும் இவ்வளவு பணிவாகப் பேசியதில்லை.

"மேடம், இங்க யாருமே நம்பாதப்ப நீங்க ஒருத்தர்தான் என்ன நம்புனீங்க. இத நான் மறக்கவே மாட்டேன்."

அவர் லேப்டாப் பையின் ஜிப்பை இழுத்தபடி சிரித்தார். "இல்லண்ணா. நான் உங்கள நம்பல."

"இன்னாது?"

"நீங்க கைய விட்டிருப்பீங்கன்னுதான் நானும் நெனச்சேன். ஆனா நீங்க சொல்றது பொய்யின்னு சொல்லணும்னாலும், நீங்க செய்யறத அப்படியே செஞ்சு பாத்துட்டுத்தானே சொல்லணும்? அவ்வளவுதான்."

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அங்கேயே சண்டை ஆகியிருக்கும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னை நம்பியவர்கள் டீ கொடுத்தார்கள், முதுகில் தட்டினார்கள். அந்த அன்பை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு என் பாஸைத் திரும்ப வாங்க முடியவில்லை. என்னை நம்பாத இந்தப் பெண் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். என் பிழைப்பு அந்த ஒரு தடவையில் திரும்பி வந்தது.

"நல்லா இருப்பீங்க மேடம்," என்று மட்டும் சொன்னேன்.

இப்போதெல்லாம் தொழுது முடித்துத் துஆ கேட்கும்போது, ரூபீனாவுக்கு அடுத்து அவருக்காகவும் கேட்கிறேன். ஜெயபாரதி, தரமணி என்று ஊரோடு சேர்த்துச் சொல்கிறேன். அல்லாவுக்கு விலாசம் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் சரியான ஆளுக்குப் போய்ச் சேர வேண்டுமே என்று எனக்கு ஒரு கவலை.