சிமியோனுக்கான செய்தி

வானொலி உரிமத்துக்கான விசாரணைக் குழு எங்கள் சமுதாயக் கூடத்துக்கு வந்த காலையில் ஜோசி வப்பாச்சி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். எங்கள் வானொலிக்கு உரிமம் கொடுக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தவன் அவன் ஒருவன்தான்.

ஆறு ஊர்களுக்கும் காட்டு வேட்டை முகாம்களுக்கும் எங்கள் பூர்வகுடி மொழியான கிரீயிலும் ஆங்கிலத்திலும் பேசும் ஒலிபரப்பு எங்களுடையது. தற்காலிக அனுமதி பனி விழுவதற்குள் முடிகிறது. அதற்குள் உரிமம் வராவிட்டால் ஒலிபரப்புக் கோபுரங்களை அணைக்க வேண்டியதுதான். ஓர் எதிர்ப்பு நிலுவையில் இருந்தாலே முடிவு இழுத்துக்கொண்டே போகும் என்று எங்கள் வழக்கறிஞர் சொல்லியிருந்தார்.

மாலையில் முகாம்களுக்கு வீட்டுச் செய்தி வாசிப்பவள் நான். அங்கே இருப்பவர்களால் பதில் சொல்ல முடியாது. கேட்பார்கள், அவ்வளவுதான்.

ஜோசியின் அண்ணன் சிமியோன் போன இலையுதிர் காலத்தில் படகோடு ஏரியில் காணாமல் போனான். உடல் கிடைக்கவில்லை. அவன் மனைவி ஹாரியட் அதன் பிறகும் தினமும் நிலையத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டு அவனுக்குச் செய்தி சொன்னாள். செத்துவிட்டான் என்று அவள் வாயால் சொல்லாதவரை எனக்கும் அவன் முகாமில் இருப்பவன்தான். வாசித்தேன். "சிமியோன், அடுப்புக் குழாய மாத்தியாச்சு. சிமியோன், காட்டு வாத்து வந்திருச்சு, நீ எப்ப வர்ற?"

விசாரணை நேரடியாக ஒலிபரப்பானது. குழுவுக்குக் கிரீ தெரியாது; ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பதும் நானே. குழுத் தலைவி முதலில், நாங்கள் வானொலியில் நடத்தும் பிங்கோ என்ற எண் விளையாட்டைப் பற்றிக் கேட்டார்.

"அத நிறுத்தினா ஒங்கள ஓட்டைப் படகுல ஏத்தி அனுப்பிருவோம்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்த, கூடம் சிரித்தது. ஜோசி சிரிக்கவில்லை. எழுந்தான்.

"செய்தி ஓடுறப்ப முகாம்ல நாய்ங்க எந்திரிக்குது. கொரைக்கல. வாசலப் பாத்து வாலாட்டுது. கூடாரத்தச் சுத்தி ஈரக்கால் சத்தம். மூணு முகாம்ல கேட்டிருக்காங்க. போனவங்க பேர ஒரு வருசம் வாயில எடுக்கக் கூடாதுன்னு இந்த வானொலிக்காரிக்குத் தெரியாதா? கூப்பிட்டுக்கிட்டே இருந்தா எங்கண்ணன் எப்பிடிப் போவான்?"

ஹாரியட் கடைசி வரிசையிலிருந்து கேட்டாள்: "ஏன்டா, அவன் காலடி ஒனக்குக் கேக்குது, என் வாசலுக்கு மட்டும் வரமாட்டேங்கிறானா?"

"செய்தி முகாமுக்குத்தான மதினி போகுது. அதான் அங்கயே சுத்துறான்."

அவள் நடந்து வந்து ஒலிவாங்கியின் முன் நின்றாள்.

"இது இப்ப ஓடுதா?"

"ஓடுது அக்கா."

"சிமியோன், விறகு போதுமான அளவு இருக்கு. தம்பி பாத்துக்கிறான். நீ வர வேணாம். நா இனிமே கூப்பிட மாட்டேன்."

தலைவி என் பக்கம் சாய்ந்தார். "என்ன சொல்கிறார்?"

"உரிமம் கொடுக்கலாம் என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

ஜோசி தரையைப் பார்த்தபடி, "என் எதிர்ப்ப வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றான். அதை மட்டும் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன்.

தலைவி நன்றி சொல்லி முடித்தார். நான் ஒலிவாங்கியை அணைக்கப் போனேன். ஹாரியட் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கொஞ்சம் பொறு. போறவன் ஏதாச்சும் சொல்லிட்டுப் போவான்."

தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த தலைவியின் கை நின்றது. கூடத்தில் யாரும் எழவில்லை. ஆறு ஊர்களிலும் முகாம்களிலும் அப்போது வானொலியில் வெறும் இரைச்சல்தான் ஓடிக்கொண்டிருந்தது.