மிதி ராட்டையின் முதல் போணி

நயா பைசா புழக்கத்திற்கு வந்த ஆண்டின் ஐப்பசியில், சின்னாளப்பட்டி நெசவாளர் தெருவில் மாட்டுவண்டியிலிருந்து இறங்கிய பக்ருதீனுக்கு நா வறண்டிருந்தது. இரும்பை அறுக்கவும் இழைக்கவும் அறிந்தவன் அவன். ஒரு பொருளைப் புகழ்ந்து பேசி விற்க அறியாதவன். வண்டியில் இருந்தது, அவனும் கூட்டாளி சிலுவைமுத்துவும் திண்டுக்கல் பட்டறையில் நெடுநாள் உழைத்து உருவாக்கிய மிதி ராட்டை. நெசவுக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சியில் சுற்றித் தருவது அதன் பணி. தையல் மெஷினைப் போல உயர்ந்த கால்கள். அமர்ந்து மிதிக்க ஒரு முக்காலி. கைராட்டையைவிடப் பன்மடங்கு விரைவு.

ஆயினும் செய்துவைத்தவற்றில் ஒன்றுகூட விலைபோகவில்லை. விற்றுத்தர அமர்த்திய தரகர் தெருத்தெருவாய் அலைந்துவிட்டு, "எல்லாரும் மெச்சுறாக பாய், ஒருத்தரும் வாங்க மாட்டேங்குறாக" என்று கைவிரித்துவிட்டார். மதுரை ஆலையொன்றில் சிலுவைமுத்துவுக்கு ஃபிட்டர் வேலை காத்திருந்தது. திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். அவன் போய்விட்டால் பட்டறைக்குப் பூட்டுதான். பக்ருதீன் சிற்றப்பாவின் தோல் மண்டிக்கே திரும்ப வேண்டும்.

"இன்னைக்கு நீயே போ மாப்ளே. போணி ஆகலேன்னா நான் பெட்டியக் கட்டுறேன்" என்று காலையில் சொல்லி அனுப்பியிருந்தான் சிலுவைமுத்து.

முதல் வீட்டில் பொன்னுத்துரை குழித்தறியில் இருந்தார். குழிக்குள் கால்களை இறக்கி, தரையோடு தரையாய் அமர்ந்து நெய்யும் தறி அது. அவர் எதிரே ராட்டையை நிறுத்தி, மனனம் செய்ததையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தான் பக்ருதீன்.

"இந்த பேரிங் இருக்கே அண்ணே, ஒருக்கா எண்ணெ விட்டா..."

"சரி."

"பட்டை தோல்ல செஞ்சது. எங்க மண்டித் தோலு, அறவே..."

"சரி பாய், வேலப்பாடு அம்புட்டும் பிரமாதம். யோசிச்சுச் சொல்றேன்."

தரகர் கொண்டுவந்த அதே சொற்கள். பக்ருதீனுக்குச் சொல்வதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை.

"செத்த நேரம் உக்காந்துட்டுப் போறேண்ணே."

"தாராளமா உக்காருங்க."

அவ்வேளையில் அவர் மருமகள் வீரலட்சுமி கைராட்டையோடு வந்து, சுவரோரம் தரையில் அமர்ந்து தார் சுற்றலானாள். அயலார் வீட்டுப் பெண்ணை ஏறிட்டு நோக்குவது முறையன்று என வளர்ந்தவன் பக்ருதீன். தாழ்ந்த அவன் விழிகளுக்குத் தரை மட்டுமே தெரிந்தது. அந்தத் தரையில் மாமனாரும் இருந்தார், மருமகளும் இருந்தாள். இருவருக்கும் நடுவே, கோபுரம்போல் அவனுடைய முக்காலி நின்றது.

"தங்கச்சி, இதுல ஒரு தார் சுத்திப் பாக்குறீகளா?" என்றான் தலை நிமிராமலே.

அவள் எழுந்து வந்தாள், முக்காலியருகே நின்றாள். அமரவில்லை.

"நீங்க சுத்துங்கண்ணே, நான் பாக்குறேன்."

பொன்னுத்துரை அறுபடாத இழையை அறுந்ததுபோல் தடவிக்கொண்டிருந்தார்.

பக்ருதீனுக்குச் சட்டென்று விளங்கிற்று. மாமனார் தரையில் அமர்ந்திருக்க, மருமகள் அவர் தலைக்குமேல் முக்காலியில் ஏறி அமர்வதாவது! அதை அவள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். அவர் சொல்வதும் அழகன்று. பட்டறையில் ஆண்கள் இருவர் மாறி மாறி மிதித்துப் பார்த்துப் பெருமைப்பட்டார்களே ஒழிய, இதில் அமரப்போவது யார் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

வண்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துவந்தான். முக்காலியை வாசலுக்குத் தள்ளினான். கால்களைக் கழற்றி, ராட்டையைத் தரையில் இருத்தி, நீட்டிய காலின் உள்ளங்கால் படுமாறு மிதியை எதிரே நிமிர்த்திக் கயிற்றால் கட்டினான். பார்க்கச் சகிக்கவில்லை, கிறீச்சென்று கத்தவும் செய்தது.

வீரலட்சுமி மாமனாரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். தரையில் அமர்ந்து, காலை நீட்டி உந்தினாள். சக்கரம் சுழன்றது, தார் நிறைந்தது, அடுத்ததும் நிறைந்தது.

"இத மொதல்லயே இப்படிக் கொண்டாந்தா என்னவாம்?" என்றாள் அவள் சிரித்தபடி. அடுத்த வீட்டிலிருந்து எட்டிப் பார்த்த பெண்ணொருத்தி, "ஏத்தா, எங்களுக்கும் ஒண்ணு காலில்லாமக் கொண்டாரச் சொல்லு!" என்று குரல் கொடுத்தாள்.

பொன்னுத்துரை தொண்டையைச் செருமினார். "பாய், காலக் கழட்டிட்டீகளே, வெலயில கழிவு உண்டா?"

"உண்டுண்ணே, உண்டு!" என்றான் பக்ருதீன். வற்றிய ஏரிக்குள் முதல் நீர் நுழைவதுபோல் ஒரு குளிர்ச்சி அவன் மார்பில் பரவிற்று. வாய்க்குள்ளே இறைவனுக்கு நன்றி சொன்னான். கண் கலங்கியதை எண்ணெய்க் கையால் துடைத்து முகமெல்லாம் கரியாக்கிக்கொண்டான்.

பிற்பகலில் வண்டி பட்டறைக்குத் திரும்பியபோது, அதில் கால்களும் முக்காலியும் மட்டும் கிடந்தன. சிலுவைமுத்து வெளிறிப்போனான்.

"என்ன மாப்ளே, ஒடச்சுப்புட்டானுகளா?"

"போணி ஆயிருச்சுடா! இன்னொண்ணும் கேட்டிருக்காக. மிச்சத்துக்கெல்லாம் காலக் கழட்டு."

நடந்ததைக் கேட்டுக்கொண்டே, வண்டியில் கிடந்த கால் ஒன்றை எடுத்துத் தடவினான் சிலுவைமுத்து. பிறகு மெல்ல முனகினான்: "பாத்துப் பாத்துக் கடைஞ்ச காலுடா, பாவி."

"மதுரைக்கு என்ன சொல்லப்போறே?"

"அவுகளுக்கு வேற ஆளா கெடைக்காது?" என்று சொல்லிக்கொண்டே, அடுத்த ராட்டையைத் தலைகீழாய்க் கவிழ்த்து காலின் முதல் திருகாணியைக் கழற்றத் தொடங்கினான் அவன்.