கையெழுத்துப் போடாத சாவியக்கா

சாவியக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது அவளுடைய அடையாள அட்டையில் மட்டும் குடியிருந்தது. மற்றபடி கடைத்தெரு மொத்தத்துக்கும் அவள் சாவியக்காதான். மாடிப்படிக்கு அடியில் ஒரு துண்டு இடம், அதுதான் கடை. சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் தொங்கும். மின்விசிறி சுழலும்போது அவை ஒன்றோடொன்று உரசி, எங்கோ தூரத்தில் யாரோ வாய்க்குள் சிரிப்பதுபோல ஒரு சத்தம் எழுப்பும். அந்தச் சத்தம் கேட்டாலே அவளுக்குக் கண் செருகிவிடும். "அக்கா பாதி உயிரோடதான் கடை திறக்கறாங்க, மீதிப் பாதி மேகத்துல மேயுது" என்பார் பக்கத்துத் தையல்காரர்.

அப்படி மேய்ந்துகொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் தொலைபேசி மணி அடித்தது. கதவு காற்றில் சாத்திக்கொண்டதாம், சாவி உள்ளே இருக்கிறதாம், கொஞ்சம் வரமுடியுமா என்று ஓர் ஆணின் குரல் கேட்டது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஆறாவது மாடி. நீளமான நடைபாதையில் மங்கலான கண்ணாடி வழியே வெயில் பாலாகக் கரைந்து இறங்கிக்கொண்டிருந்தது. கடைசி வீட்டு வாசலில் வெறுங்காலோடு, ஈரத் தலையோடு, தோளில் துண்டோடு ஒருவன் நின்றிருந்தான். கையில் இருந்த பிளாஸ்டிக் குவளையிலிருந்து வாசலோரத் தொட்டிச் செடிக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். "குடி ராசா, குடி" என்று அதனிடம் பேச்சு வேறு.

"உங்க வீடுதானே?" என்று வழக்கம்போல் கேட்டாள் சாவியக்கா.

"இல்லேன்னா நான் ஏங்க இதுக்குத் தண்ணி ஊத்தப்போறேன்?" என்று சிரித்தான்.

அவளும் சிரித்துவிட்டாள். நாலே நிமிடத்தில் பூட்டு திறந்துகொண்டது. கூலியை வாங்கிக்கொண்டு இறங்கி வந்தாள். அந்த வெளிச்சம் மட்டும் வெகுநேரம் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

வீட்டுக்காரர்கள் அன்று சாயங்காலமே வெளியூரிலிருந்து திரும்பினார்கள். அலமாரிகள் வாயைப் பிளந்து கிடந்தன. பையோடு ஒரு பெண் கதவைத் திறந்ததைப் பார்த்ததாக எதிர்வீட்டு அம்மா சொன்னார். அந்த ஆள் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. மறுநாள் காலை கடை திறந்த கையோடு போலீஸ் வந்து சாவியக்காவை அழைத்துப் போனது. ஓர் ஆள் கூப்பிட்டுத்தான் போனேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள்.

காவல் நிலையத்து அறைக்குக் குளத்துப் பச்சை நிறம் அடித்திருந்தார்கள். உள்ளே உட்கார்ந்ததும் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் இருந்தது அவளுக்கு. எதிரே இருந்த அதிகாரியின் வாய் அசைந்தது. குரல் கொஞ்சம் தாமதித்து வந்து சேர்ந்தது. அதட்டல் உருட்டல் எதுவும் இல்லை. மனிதர் தேனாகத்தான் பேசினார்.

"பயப்படாதீங்கம்மா. கதவைத் திறந்தது நீங்கதானே?"

"ஆமாங்க."

"அவ்வளவுதான். அதைத்தான் எழுதியிருக்கோம். ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா சாயங்காலம் வீட்டுல இருக்கலாம்."

பேனா ஏற்கெனவே அவள் விரல்களுக்குள் வந்திருந்தது. எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. போட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது. தண்ணீருக்கு மேலே போய்விடலாம், மூச்சு விடலாம். காகிதத்தின் மேல் குனிந்தாள். "அந்த நபருடன் சேர்ந்து" என்று ஒரு வரி இருந்தது. அந்த 'சேர்ந்து' என்ற சொல் மட்டும் முள்ளாகக் குத்தியது. அந்த ஆளின் பெயர்கூட அவளுக்குத் தெரியாதே!

தலையை நிமிர்த்தினாள். அதிகாரிக்குப் பின்னால் சுவரில் பழுப்பேறிய ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. கைது செய்யப்பட்டவரின் உரிமைகள் என்று தலைப்பு. காரணத்தை அறியலாம், உறவினருக்குத் தகவல் சொல்லலாம், கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம், படிக்காமல் எதிலும் கையெழுத்திட வேண்டியதில்லை. அதற்குக் கீழே இருந்த வரிகளை ஒரு இரும்பு பீரோ மறைத்திருந்தது. அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கடை அறிவிப்போ மருந்துச் சீட்டோ, எழுத்து என்று எதைப் பார்த்தாலும் கடைசிவரை படித்துவிட வேண்டும் அவளுக்கு.

"சார், அந்த பீரோவுக்குப் பின்னாடி மீதி என்ன எழுதியிருக்கு?"

அதிகாரி திரும்பிப் பார்த்தார். எத்தனை வருடமாக அந்தக் காகிதம் அங்கே இருக்கிறது என்று அவருக்கும் நினைவில்லை போலிருக்கிறது. மூலையில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்த பெண் காவலர் தலை தூக்காமலேயே சொன்னார்: "வக்கீல் வெச்சுக்க வசதி இல்லேன்னா அரசாங்கமே இலவசமா ஒருத்தரைக் குடுக்கும்னு எழுதியிருக்கும்மா."

அதிகாரி அவரை ஒரு பார்வை பார்த்தார். காவலர் தொடர்ந்து எழுதினார்.

"அப்ப எனக்கு ஒரு வக்கீல் வேணுங்க" என்றாள் சாவியக்கா. "என் தங்கச்சிக்கும் சொல்லணும். வக்கீல் வர்ற வரைக்கும் நான் எதுவும் பேசலை. தப்பா நினைச்சுக்காதீங்க." பேனாவை மேஜையில் வைத்தாள். அது உருண்டு போய் விளிம்பில் நின்றது.

வக்கீல் வருவதற்குள் அறைக்குள் இருந்த வெயில் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு நடந்துவிட்டது. வந்தவர் ஒட்டடைக்குச்சி உயரம். தீராத ஜலதோஷம், கன்னத்தில் ஒதுக்கிய இருமல் மிட்டாய். அவர் கேட்டதன்பேரில் இருவரையும் தனியாக விட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

"எல்லாத்தையும் சொல்லிடவாங்க?"

"எங்கிட்ட சொல்லுங்க. ஒண்ணு விடாம. இங்க நீங்க பேசறதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. வெளிய யார் கேட்டாலும் வக்கீலைக் கேளுங்கன்னு என் பேரைச் சொல்லிடுங்க."

அவள் சொன்னாள். பால் வெளிச்சம், வெறுங்கால், ஈரத் தலை, செடி. சொல்லச் சொல்ல அவளுக்கே அது தூக்கத்தில் கண்டதாகத் தோன்றியது. வக்கீல் நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார்.

அன்றிரவு அவளை அங்கேயே வைத்திருந்துவிட்டு மறுநாள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். பெஞ்சில் உட்கார்ந்து மேலே சுழலும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். பாவம், அந்தப் பெண்மணி எங்கே போனாளோ என்று நினைத்துக்கொண்டாள். பின்னாலிருந்து தங்கை ஓடிவந்து தோளைப் பிடித்து உலுக்கினாள். "அக்கா! உன்னைத்தான்!"

நிலையான கடை, தங்கை ஜாமீன் நிற்கிறாள், இதுவரை எந்த வழக்கும் இல்லை என்று வக்கீல் எடுத்துச் சொன்னார். வாரம் ஒருமுறை காவல் நிலையத்துக்கு வந்து போக வேண்டும் என்று சொல்லி நீதிபதி ஜாமீன் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து வக்கீல் கூப்பிட்டு அனுப்பினார். அரசு தரப்பிலிருந்து ஒரு பேச்சு வந்திருந்தது. சின்னக் குற்றமாக மாற்றிக்கொள்வார்கள். ஒத்துக்கொண்டால் சிறை இல்லை, ஒரே நாளில் முடிந்துவிடும்.

"ஒத்துக்கிட்டு வந்துடுக்கா" என்றாள் தங்கை. ரெண்டு மாதமாக அவளும் தூங்கவில்லை. "தலைவலி விட்டுதுன்னு இருக்கலாம். எத்தனை நாள் இப்படி அலையறது?"

சாவியக்கா வக்கீலைப் பார்த்தாள்.

"ஒத்துக்கிட்டா இன்னையோட விட்டுது, நிஜம்" என்றார் அவர். "ஆனா குற்றவாளின்னு பதிவாயிடும். பூட்டு வேலைக்கு லைசன்ஸ் புதுப்பிக்க மாட்டாங்க. ஒத்துக்காம விசாரணைக்குப் போனா ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ இழுக்கும். தோத்துட்டா சிறை. ஜெயிப்போம்னு நான் சத்தியம் பண்ண முடியாது. நான் ரெண்டையும் விளக்கிச் சொல்லலாம். முடிவு உங்களோடது. நானோ உங்க தங்கச்சியோ எடுக்கறது இல்லை."

அவள் கொஞ்சநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு காகிதப் பை காற்றில் ஏறி, இறங்காமல் மிதந்துகொண்டிருந்தது. தங்கை பெருமூச்சு விட்டாள். அக்கா மேயப் போய்விட்டாள் என்று நினைத்தாள்.

"அவங்க கையில என்னதான் இருக்கு?" என்று திடீரென்று கேட்டாள் சாவியக்கா. "பாக்காமலே எப்படிங்க முடிவு பண்றது?"

"கேட்டு வாங்கலாம். குற்றம் சாட்டினா ஆதாரத்தோட நகலைக் குடுத்துதான் ஆகணும்."

நகல் வந்தது. தடித்த கட்டு. வக்கீல் எழுத்துகளைப் படித்தார். சாவியக்கா படங்களை எடுத்துக்கொண்டாள். புகார் வந்த சாயங்காலமே எடுத்தவை. திறந்த அலமாரி, கதவு, வாசல். கனவில் போய்வந்த இடத்தை யாரோ படம்பிடித்து வைத்திருந்ததுபோல அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. வாசல் படத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். தொட்டியில் மண் கருகருவென்று இருந்தது. அடித்தட்டு நிறையத் தண்ணீர், அதில் ஒரு இலை மிதந்தது.

"வீட்டுக்காரங்க எத்தனை நாளா ஊர்ல இல்லீங்க?"

வக்கீல் புரட்டினார். "பன்னண்டு நாள். வீட்டைப் பாத்துக்க யாரும் இல்லைன்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க."

"அப்ப இதுக்குத் தண்ணி ஊத்தினது யாரு?"

வக்கீலின் கன்னத்தில் உருண்டுகொண்டிருந்த மிட்டாய் நின்றது. படத்தை வாங்கி மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்தார். தொட்டிக்குப் பின்னால் பாதி மறைந்து ஒரு பிளாஸ்டிக் குவளை.

வீட்டுக்காரர்களைக் கேட்டதில் அந்தக் குவளை தங்களுடையது இல்லை என்றார்கள். போலீஸ் அதை எடுத்துக்கொண்டு போய் ஒரு பையில் கட்டி வைத்ததோடு மறந்திருந்தது. சோதிக்க வேண்டும் என்று வக்கீல் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். கைரேகை, வேறொரு நகரத்துப் பழைய வழக்கில் தேடப்படும் ஒருவனுடையதோடு ஒத்துப்போனது. அங்கேயும் பூட்டுக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுத்தான் கதவைத் திறந்திருக்கிறான். அங்கே வாசலில் பூனைக்குப் பால் ஊற்றிக்கொண்டு நின்றானாம்.

அடுத்த வாய்தாவில் சாவியக்கா மேல் இருந்த குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுவதாக அரசு தரப்பு சொன்னது. நீதிபதி இரண்டு வரி எழுதினார். அவ்வளவுதான். அவள் அழவும் இல்லை, கும்பிடவும் இல்லை. வீட்டுக்கார அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நேரே அவரிடம் போனாள்.

"நான்தான் திறந்து விட்டேன்" என்றாள். "வீடு அவனோடதான்னு காகிதம் எதையும் கேட்டுப் பாக்கலை. செடிக்குத் தண்ணி ஊத்தறவன் வீட்டுக்காரனாத்தான் இருப்பான்னு நினைச்சுட்டேன். அது என் தப்பு. மன்னிச்சுக்குங்க."

அந்த அம்மா கைப்பையின் வாரை விரலில் சுற்றினார். பிறகு, "நானா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பேன்" என்றார். குரலில் வருத்தம் போகவில்லை. போன பொருள்கள் எதுவும் திரும்பி வரவில்லை.

வீடு திரும்பும் பேருந்தில் இருவருக்கும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெகுதூரம் போனபின் தங்கை மெதுவாகச் சொன்னாள்: "ஒத்துக்கோன்னு சொன்னேனே... கோவமாக்கா?"

"பயத்துலதானே சொன்ன" என்றாள் சாவியக்கா. "எனக்கும் பயம்தான். அதனாலதான் முழுசாப் படிச்சேன்."

இத்தனை மாதத் தூக்கமும் அப்போதுதான் வந்து சேர்ந்தது. தங்கை அக்காவின் தோளில் சாய்ந்தாள். அக்கா கண்ணாடியில் சாய்ந்தாள். விழித்தபோது பேருந்து காலியாக நின்றிருந்தது. ஓட்டுநர் கீழே நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார். கடைசி நிறுத்தம். இருவரும் இதுவரை பார்த்தே இராத இடம். ஒரு பெரிய ஏரி, வெயில் தாழ்ந்த நேரம், தண்ணீர் முழுக்கப் பொன்.

"எங்கக்கா வந்துட்டோம்?"

"தெரியலையே" என்று சொல்லிக்கொண்டே சாவியக்கா படியிறங்கினாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். அடுத்த பேருந்து எப்போது என்றுகூடக் கேட்காமல், இருவரும் கரையோரமாக நடக்க ஆரம்பித்தார்கள்.