பட்டாளத்துக்குப் போன ராசையா

நாலாவது முறையும் அதே பதில்தான் வந்தது. பனவடலிசத்திரம் ராசையா என்ற பெயரில் யாரும் பட்டாளத்தில் இருந்ததாக ஆவணம் இல்லை. இசக்கித்துரை கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மின்வாரியத்தில் முப்பது வருஷம் கம்பம் ஏறியவர், எதற்கும் அசராத ஆள். இந்த ஒரு வரி மட்டும் அவரை அப்படியே உட்கார வைத்துவிடும்.

தாத்தா ராசையா 1941இல் இரண்டு வயது மகனை விட்டுவிட்டுப் பர்மாச் சண்டைக்குப் போனவர். திரும்பவில்லை. சாவுச் சேதியும் வரவில்லை. சேதி வராத வீட்டுக்கு ஊரே ஒரு சேதி தயாரித்துக் கொடுத்தது: ஆள் பட்டாளத்திலிருந்து ஓடிப்போய் ரங்கூனில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். "ரங்கூன்ல ஒனக்கு எத்தனை சித்தப்பன்லே?" என்று டீக்கடையில் கேட்டவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்தாயிற்று. கேள்வி மட்டும் சாகவில்லை. தாத்தா ஓடினாரா, சண்டையில் விழுந்தாரா என்று தெரியாமல் தானும் கண்ணை மூடிவிடக் கூடாது என்பதே ஓய்வுபெற்றதிலிருந்து இசக்கித்துரையின் பிடிவாதம்.

அன்று அம்மா மாரித்தாயின் ஓய்வூதியத்துக்கு உயிரோடு இருக்கும் சான்று எடுக்க வேண்டியிருந்தது. எண்பத்திரண்டு வயது அம்மாவைச் சங்கரன்கோவில் தேரடிப் பக்கம் ஷிரின் பானுவின் இ-சேவை மையத்துக்குக் கூட்டிப் போனார். தாத்தாவுக்காக நாலு விண்ணப்பத்தையும் அடித்துக் கொடுத்தவள் அவள்தான். படிவத்தில் வாரிசு என்ற கட்டம் வந்ததும், "ஆச்சி, ஒங்க மவன் பேரச் சொல்லுங்க" என்றாள்.

"அவன்ட்டயே கேளு தாயி."

பெற்ற பிள்ளையின் பெயரைக்கூடவா சொல்ல மாட்டீர்கள் என்று ஷிரின் பானு சீண்டினாள்.

"மாமனார் பேரு. நான் எப்படி வாயால சொல்லுவேன்?"

இசக்கியம்மன் கோயிலில் நேர்ந்து பிறந்ததால் தனக்கு அந்தப் பெயர் என்றுதான் இசக்கித்துரை நினைத்திருந்தார். தாத்தா பெயர் ராசையா அல்லவா, அப்பாவின் பள்ளிச் சான்றிதழிலேயே அப்படித்தானே இருக்கிறது என்றார்.

"அது வீட்டுப் பேருலே. அவுகளுக்கு அவுக தாத்தா பேரத்தான் வச்சிருக்கு. அவுக அம்மா மாமனார் பேரச் சொல்ல முடியாம ராசையான்னு கூப்பிட்டா, ஊரும் அதையே பிடிச்சுக்கிட்டு. ஒங்கய்யாவப் பள்ளிக்கூடத்துல சேக்கையில ஒங்க ஆச்சி மட்டும் புருசன் பேரச் சொல்லுவாளா? ராசையான்னே எழுத வச்சிட்டா. ஒனக்கு அந்தப் பேர வைக்கையில எங்க வாயால சொல்ல முடியாம, ஒங்க ஆச்சியோட அண்ணன்தான் வந்து சொன்னாரு."

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, நீ எப்போது கேட்டாய் என்றாள். அதுவும் நியாயம்தான். மூன்று தலைமுறைப் பெண்கள் மரியாதை கொடுத்துக் கொடுத்தே ஒரு மனுசனைக் காணாமல் அடித்திருந்தார்கள். சாவுச் சேதி வந்திருந்தாலும், இசக்கித்துரை என்று இங்கே யாரும் இல்லை என்று ஊர் திருப்பி அனுப்பியிருக்கும்.

ஷிரின் பானு அதற்குள் போரில் இறந்தவர்களின் பட்டியலைத் திறந்து அவர் பெயரை அடித்துவிட்டாள். இரண்டு மூன்று விதமாக எழுத்துக்கூட்டிப் பார்த்த பிறகு ஒரு வரி வந்து நின்றது. சிப்பாய் இசக்கித்துரை, பனவடலிசத்திரம். மனைவி பேச்சியம்மாள்; ஆச்சியின் பெயரேதான். 1944 மார்ச், பர்மா எல்லையில் சண்டையில் மரணம். பெயர் நினைவுத்தூணில் பொறிக்கப்பட்டுள்ளது.

"அவுக ஓடல அண்ணாச்சி" என்றாள் ஷிரின் பானு.

வரிசையில் நின்ற ஆறு பேர் பார்க்க, இசக்கித்துரை அழுதார். வெட்கமாகவே இல்லை.

அந்தக் கல்லில் எழுத்து மழைக்கு அழியாதா என்று மாரித்தாய் கேட்டாள். அழியாது என்றார். இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். அச்செடுத்த தாளை அவர் பத்தாவது தடவையாக வாசித்துக்கொண்டு நின்றபோது பின்னால் குரல் கேட்டது.

"ஏலே இசக்கித்துரை, பஸ்ஸு வந்துட்டு."

திரும்பினார். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"கல்லுலயே வெட்டிட்டான். இனி நான் மறைச்சு என்ன செய்ய?"

அறுபத்தொரு வயதில் முதல் தடவையாக அம்மா வாயால் தன் பெயரைக் கேட்டவர், பஸ்ஸில் ஏறாமல் நின்று, இன்னொரு தடவை கூப்பிடச் சொன்னார்.