பானட்டுக்குள் பிள்ளையார்

பானட்டைத் தூக்கியதும் மணிமொழி மூக்கைப் பொத்திக்கொண்டாள். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டிவைக்கும் காந்தப் பிள்ளையார், இன்ஜின் தலைமேல் ஓர் இரும்புப் பட்டையில் உட்கார்ந்திருந்தார். சூட்டில் தும்பிக்கை உருகி வயிற்றோடு ஒட்டியிருந்தது. எண்ணெயும் குங்குமமும் வெந்து, புண்ணின் மேல் பொருக்குப்போல மூடியிருந்தன.

வண்டி சடையனுடையது. வெள்ளிமலைக்கு ஆள் ஏற்றுபவர்.

"மலை ஏறுனா இழுக்க மாட்டேங்குதும்மா. போன வாட்டி வளைவுல அப்படியே நின்னுபோச்சு" என்றார். "இன்னிக்கு ரம்யாவ ஆஸ்பத்திரியில இருந்து வூட்டுக்கு இட்டுக்கினு போவணும். கையில பச்சப் புள்ள."

மகளைக் கூட்டிவர ஆட்டோவில் போனார். கள்ளக்குறிச்சியின் அந்தப் பட்டறையில் மணிமொழி புதிதாகச் சேர்ந்தவள். மடிக்கணினியை வண்டியோடு இணைத்துப் பார்த்தாள். இன்ஜினின் சுழற்சியைக் கவனிக்கும் கேம் சென்சார் அனுப்பும் கோடு, திரையில் பல்வரிசைபோலக் கூராக இருக்க வேண்டியது, ஓரம் கரைந்து நெளிந்தது. பிள்ளையாரைப் பிடுங்கினாள். கோடு நிமிர்ந்தது. திரும்ப வைத்தாள். நெளிந்தது.

"சார், கோளாறு சென்சார்ல இல்ல. இந்தக் காந்தம்தான்."

முதலாளி தனசேகரன் தலை நிமிரவில்லை. "தெரியும். புது சென்சார் எடுத்து வெச்சிருக்கேன், மாட்டு."

"போன வாட்டியும் மாத்தியிருக்கீங்களே?"

"அதுக்கு முந்தியும் மாத்துனேன். சாமிய நகத்திட்டா அந்தாளு மறுபடி இங்க எதுக்கு வரப்போறாரு?" சிரித்தார். "வேலை முடிஞ்சதும் நானே சாமிய வெச்சு, குங்குமம் வெச்சு அனுப்புவேன். அவருக்கு என்மேல அவ்ளோ மரியாதை."

சுவரில் முருகன் படத்துக்கு அன்று காலை அவர் போட்ட மல்லிகை தொங்கியது. அந்த வாசனையும் கருகிய எண்ணெயின் நாற்றமும் சேர்ந்து அடித்தன. எண்ணெய் அழுக்கைக் கழுவிவிடலாம். இதை எதைக் கொண்டு கழுவுவது?

சடையன் திரும்பி வந்தபோது, ஆட்டோவில் ரம்யா குழந்தையின் முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டிருந்தாள். மணிமொழி புது சென்சாரைப் பெட்டியோடு முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"அண்ணே, இந்தப் பிள்ளையார இங்க வெச்சது யாரு?"

"நான்தாம்மா. ஆயுத பூஜை அன்னிக்கு. ஓட்டுறவனுக்குக் கண்ணு இருக்குது. குருட்டு இன்ஜினுக்குத்தானே சாமித் தொணை வேணும்?"

"அந்தக் குருட்டுக்கும் கண்ணு இருக்குதுண்ணே. பக்கத்துலயே, இதான். இதுக்குள்ளயும் ஒரு காந்தம். அதுக்கு எதிர்க்க பல்லு வெச்ச இரும்புச் சக்கரம் சுத்திக்கினு இருக்கும். பல்லு தாண்டுறப்பெல்லாம் காந்தத்தோட இழுப்பு ஏறி எறங்கும். அத வெச்சுத்தான் வால்வ முன்ன தொறக்கலாமா, பின்ன தொறக்கலாமானு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். ஏத்தத்துல அந்தக் கணக்குலதான் இழுவையே. பிள்ளையாருக்கு அடியில இருக்கிற காந்தம் பல்ல மறைக்குது."

சடையனின் முகம் வெளுத்தது. "அப்போ வண்டிய நிறுத்துனது நானா?"

"நீங்க தெரியாம வெச்சீங்க" என்றாள். பட்டறைப் பக்கம் திரும்பினாள். சடையனும் உள்ளே பார்த்தார். தனசேகரன் கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது ஒலிக்கவே இல்லை.

"அவரு கையாலதானே குங்குமம் வெச்சாரு" என்று மெதுவாகச் சொன்ன சடையன், தரையில் துப்பினார்.

மணிமொழி மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, பிள்ளையாரின் பொருக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தாள். தும்பிக்கை திரும்பி வரவில்லை, கண்கள் வந்தன. ஸ்டியரிங்குக்கு முன்னால், சாலையைப் பார்த்தபடி வைத்தாள்.

"நாளைக்கு நீ இங்க வர வேணாம்" என்றது உள்ளிருந்து குரல்.

"வர்றதா இல்ல சார்."

அவள் கையை எவ்வளவு தேய்த்தும் நாற்றம் போகவில்லை. சடையன் சட்டைப்பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தார். மலை ஏறுமுன் சக்கரத்தடியில் வைத்து நசுக்க வைத்திருந்தது. அதைக் கத்தியால் பிளந்து அவள் உள்ளங்கையில் பிழிந்தார்.

"அப்போ சக்கரத்துக்கு?" என்றாள்.

"சாமி இதுக்குத்தான் குடுத்தாரு போல. நல்லாத் தேய்ம்மா."

ரம்யா ஏறி உட்கார்ந்தாள். இன்ஜின் ஒரே சீராக முனகியது. குழந்தை விழிக்கவில்லை.